ஆறு சினிமா இசைத்தட்டுகளும் ஜெபமணி அண்ணனும்

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கு ஒருநாளும் போன் வந்ததில்லை. ஜெபமணி அண்ணனின் மனைவி என்ற முறையில் அவருடைய எண் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வந்துகொண்டிருந்தபோது அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும், "சரசும்மா, உங்க அண்ணன் போயிட்டாவ" என்றார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டாராம். "வேன்ல வந்துட்டு இருக்கறேனுங்க்கா" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னேன். அவரும் "சரிம்மா, பாத்து வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

நம் பனியன் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரை சாம்பிள் ரூம் இன்சார்ஜ் என்று தெரியும். ஆர்டர் கொடுக்கும் பையர் காகிதத்தில் வரைந்து அனுப்புவதை முதல் உடுப்பாகத் தைத்துக் காட்டுவது அவர் வேலை. எந்தச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்ளே வெளியே புரட்டிவிட்டுத்தான் பார்ப்பார். "வெளிப்பக்கம் பையருக்கு. உள்பக்கம் நமக்கு" என்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் இந்த ஊருக்குக் குடிவரவே இல்லை. நான் 'ஊட்டுக்குக் கிளம்பறேனுங்க' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், "வீடுன்னு சொன்னா என்னம்மா கொறஞ்சிருவிய?" என்று கேட்காமல் விடமாட்டார். பதினெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். பேச்சிலும் சரி, வேலையிலும் சரி, நாங்கள் ஒருவரை ஒருவர் திருத்த முயன்று தோற்றதுதான் மிச்சம்.

இசைத்தட்டுகளின் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டுப் பையர் ஒருவர் டி-ஷர்ட் ஆர்டருக்காக ஆறு தட்டுகளை அனுப்பியிருந்தார். எல்லாம் அவர்கள் நாட்டுப் பழைய ராக் அண்ட் ரோல் சினிமாக்களின் பாட்டுகள். அந்தக் காலத்தில் வந்த தட்டுகளை அதே அட்டையோடு புதிதாக அச்சடித்து இப்போது மறுபடியும் விற்கிறார்களாம். அட்டைப் படத்தின் நிறங்கள் டி-ஷர்ட்டில் அப்படியே வரவேண்டும் என்பதற்காக அனுப்பியிருந்தார்கள். பையர்களோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் நான் என்பதால் பார்சல் என்னிடம்தான் வந்தது. அண்ணன் மேஜையில் வைத்துவிட்டு ஒரு மீட்டிங்குக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதல் அட்டை சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டுக் கிடந்தது.

நிறம் பார்க்க எது வந்தாலும் நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி, டையிங்குக்கு ஒன்று, பிரிண்டிங்குக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று என்று ஸ்டேப்ளர் அடிப்போம். அவரும் அதைத்தான் செய்திருந்தார். சிவப்புக் காரில் ஒரு துண்டு, நீல வானத்தில் ஒரு துண்டு, ஒரு பெண்ணின் மஞ்சள் பாவாடையில் ஒரு துண்டு. கிட்டார் வைத்திருந்த ஆளுக்குத் தலையே இல்லை. "ஏனுங்கண்ணா, இது துணி இல்லீங்களே" என்றேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "அட ஆமா. கை பாட்டுக்கு வெட்டிட்டும்மா" என்றார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தட்டுகளைத் திரும்ப வாங்க, பையருக்காக இங்கே வேலை பார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வெட்டிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நாங்கள் இருவரும் தயாராக நின்றோம். அவர் மெதுவாக, "உள்ளே இருக்கறதையாவது போட்டுக் கேட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஆறும் ஒரே செட், ஐந்தை மட்டும் கொண்டுபோய் நான் என்ன பதில் சொல்வது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அண்ணன் அதோடு மறந்திருப்பார். அந்தக் கேள்விதான் அவரை விடவில்லை. அன்று சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம், "வெட்டினவன் ஒரு தடவையாவது கேக்கணும்லா சரசும்மா?" என்றார். அடுத்த வாரம் சூட்கேஸ் போல மூடித் திறக்கும் சின்ன ரெக்கார்டு பிளேயர் ஒன்று கம்பெனி முகவரிக்கு வந்து இறங்கியது. வீட்டு முகவரி கொடுக்காமல் கம்பெனி முகவரி ஏன் கொடுத்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கும்போது காது அடைத்துக்கொள்ளுமே, அந்த நேரத்தில்தான் முதல் தட்டைப் போட்டார். சாம்பிள் ரூம் கதவு எப்போதும் போல விரியத் திறந்திருந்தது. சுற்றிலும் துணி ரோல்கள் கூரை வரை அடுக்கியிருந்ததால் சத்தம் எங்கும் மோதவில்லை, அறைக்குள்ளேயே தங்கியது. முதலில் மழைத் தூறல் மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு டிரம், அதற்குக் கீழே நடந்துகொண்டே இருக்கும் ஒரு தடித்த தந்தி, அதன்மேல் ஒரு ஆண் குரல். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாததே சுகமாக இருந்தது. டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அவருடைய செருப்பு நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் நாற்பது நிமிடம். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது. சாப்பிட இருபது, கேட்க இருபது என்று அவரே பிரித்துக்கொண்டார். ஒருநாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம். ஷிப்மெண்ட் நெருக்கடியில் சாப்பாட்டை விட்ட நாள் உண்டு, பாட்டை விட்ட நாள் இல்லை. உங்களில் பலர் கை கழுவிவிட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள். அயர்னிங் செக்‌ஷன் பீகார்க்காரர்கள் ஒரு பாட்டுக்குத் தோளை ஆட்டுவார்கள், அதே பாட்டை மறுபடி போடச் சொல்லிக் கையால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அண்ணன் போடமாட்டார். "வரிசைப்படிதான் வரும். அவங்க படத்துல எப்படி வச்சாங்களோ அப்படி" என்பார்.

பழைய பாட்டை எதற்கு மறுபடி புதிதாக அடிக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரிப்பீட் ஆர்டர்தான். அன்னைக்கு ஓகே ஆன சாம்பிள், இன்னைக்குப் புது லாட்" என்றார். ஆனால் அதையே பிறகு பல நாள் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். சாயம் போடும் லாட் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரில் குறைவு. ஒரு மதியம் பாட்டு முடிந்த பிறகு, "முதல் லாட்டைக் கேட்டவங்க யாராவது இன்னும் இருப்பாங்கல்லா? அவங்களைக் கூட்டிட்டு வந்து, இது அதே ஷேடுதானான்னு ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார். கேலியாகச் சொல்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். கேலி இல்லை. கடல் தாண்டி எங்கேயோ ஒரு கிழவரோ கிழவியோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. போனில் தேடினால் கிடைக்கும், தேடித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எங்களிடம் இருந்தது அட்டைகள் மட்டும்தான். அந்த அட்டைகளை வைத்துப் பாட்டுக்குப் பாட்டு அவரே ஒரு படம் ஓட்டுவார். "இந்தப் பாட்டுல இவன் ஷிப்ட் முடிஞ்சு வாரான். பஸ்ஸு போயிட்டு. நடந்தே வாரான்" என்பார். சாக்ஸபோன் வந்தால், "இது சூப்பர்வைசர்" என்பார். மெதுவான பாட்டுகளுக்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். என் கண்ணிலும் ஒரு ஊர் தெரிய ஆரம்பித்தது. கடற்கரை ஓரம் ஒரு நீளமான ரோடு, அதன் கடைசியில் விளக்கு போட்ட ஒரு நடனக் கூடம், ஆனால் உள்ளே வேலை செய்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள். கண்ணைத் திறந்தால் எதிரில் வெள்ளைத் துணி ரோல். ஒன்று நாற்பதுக்கு மணியடிக்கும்போது எங்கிருந்து எழுந்து போகிறேன் என்றே தெரியாமல் எழுந்து போவேன்.

படம் வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சின்ன வயதில் அவர் சினிமாப் பைத்தியமாம். ஒரு படத்தை மூன்று ஊர் தியேட்டரில் போய்ப் பார்ப்பாராம். எஸ்தர் அக்கா சிறு வயதிலிருந்தே சபைக்குப் போகிறவர். அங்கே சினிமாவும் சினிமாப் பாட்டும் உலகத்துக் காரியம். கல்யாணப் பேச்சின்போது அக்கா கேட்டது அந்த ஒன்றைத்தான், இனிமேல் சினிமா கிடையாது என்று. அண்ணன் ஒத்துக்கொண்டார், அன்றோடு நிறுத்தினார். வீட்டில் டி.வி. கூட வாங்கவில்லை. அப்படிப்பட்டவர் தினமும் மதியம் இருபது நிமிடம் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். "பாக்க மாட்டேன்னுதான் சொன்னேன். கேக்க மாட்டேன்னு சொல்லலை" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, "இது வக்கீல் பேச்சு. எனக்கே தெரியுது" என்றார்.

அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் அவர் கேட்கும் கேள்வி, "எஸ்தர்ட்ட சொல்லிரலாமா?" என்பதுதான். தட்டைத் துடைத்து உறையில் போடும்போது கேட்பார். முகத்தைப் பார்த்துக் கேட்கமாட்டார். நானும் ஒவ்வொரு முறையும், "எதுக்குங்கண்ணா வம்பு? கம்பெனியோட இருந்துட்டுப் போவட்டுமுங்க" என்பேன். அக்கறையில் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய கல்யாண நாள் ஒன்றில், பிளேயரையும் ஆறு தட்டுகளையும் எக்ஸ்போர்ட் கார்ட்டன் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, வண்டியின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். "இன்னைக்குச் சொல்லிருதேன். அவளை உக்கார வச்சு ஒரு பக்கம் போட்டுக் காட்டப் போறேன்" என்றார். "நல்ல நாளும் அதுவுமா அக்கா மனசு சங்கடப்படோணுமுங்களா? இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க" என்றேன். கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். கார்ட்டனைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபடி மாடியிலிருந்த சாம்பிள் ரூமுக்கு ஏறினார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை. பிளேயர் மங்கலத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்விட்டால் என் மதியம் போய்விடும். மாமியார், பிள்ளைகள், பையர் மெயில் எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அந்த இருபது நிமிடம். அவரைத் தடுத்தது அக்காவுக்காக இல்லை, எனக்காக. இன்னொரு நாள் என்று நான் சொன்ன அந்த நாள் பிறகு வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரம், அண்ணனின் அலமாரியைக் காலி செய்து பொருள்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. கத்திரி, டேப், கண்ணாடி, ஒரு வேதாகமம், அந்தக் கார்ட்டன். கார்ட்டனை மட்டும் நான் எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நல்லவர் என்று எல்லோரும் சொல்லி அடக்கம் செய்த மனிதரைப் பற்றி, அவர் மனைவியிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று மூன்று நாள் மனது கிடந்து அடித்துக்கொண்டது. நான்காம் நாள் ஆட்டோ வைத்து மங்கலம் போனேன்.

எஸ்தர் அக்காவின் வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் விசைத்தறி. பேசுவதற்குக் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டும். இந்த விஷயத்தைக் குரல் உயர்த்திச் சொல்ல எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "படம் பாத்தாவளா?" என்பதுதான்.

"இல்லீங்க்கா. ஒரு படங்கூடப் பாக்கலைங்க. தேடித் தாரேன்னு நான் சொன்னப்பவும் வேண்டாம்னுட்டாருங்க."

"பொறவு ஏன் என்ட்ட சொல்லல? ஆறு வருஷமா என்னைப் பாத்து பயந்துட்டா இருந்தாவ?"

"சொல்லோணும்னுதான் இருந்தாருங்க. கல்யாண நாளன்னிக்கு வண்டியில கட்டியே வெச்சுட்டாருங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க."

அக்கா என்னை நெடுநேரம் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இருந்தது. பிறகு கார்ட்டனைத் திறந்து, மேலே இருந்த அந்த வெட்டுப்பட்ட அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதில் என்ன கதை என்று கேட்டார். எனக்கும் தெரியாது, அண்ணன் தானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தார் என்றேன். மெதுவான பாட்டு வரும்போது ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று ஒருநாள் நான் கேட்டதையும், அதில் வரும் பெண் எஸ்தர்தான் என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா அட்டையில் இருந்த பெண்ணைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பாவாடையிலயா?"

"பாவாடையை எட்டு இஞ்ச் நீளமாக்கிட்டேன்னு சொன்னாருங்க. கையும் முழுக்கை வெச்சிட்டாராமா."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுக்கும் என் கண் நிறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, காபி போடட்டுமா என்று எழுந்தார். கார்ட்டனைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். போட்டுக் காட்டட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், மெஷின்கள் நின்ற சமயம் போன் வந்தது. "சரசும்மா, இதை எப்படி ஓட்டணும்?" என்றார் அக்கா. நான் சாம்பிள் ரூம் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மூடியைத் திறங்க, தட்டை வையுங்க, பொத்தானைத் திருப்புங்க, முள்ளைத் தூக்கி ஓரத்தில் வையுங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முள் தட்டை உரசிவிடுமோ என்று பயந்தேன். "நான் பத்து வருஷம் ஓவர்லாக் தைச்சவளாக்கும். என் கை ஆடாது" என்றார். கரகரப்பு கேட்டது. பிறகு தறிச் சத்தத்துக்கு நடுவே, போனுக்குள், எறும்பளவுக்கு அந்தப் பாட்டு ஆரம்பித்தது. இரண்டு சத்தமும் ஒரு இடத்தில் சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. நான் துணி ரோலில் சாய்ந்துகொண்டேன். பக்கம் முடியும் வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மெதுவான பாட்டு வந்தபோது அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

முடிந்ததும் முள்ளைத் தூக்கி வைக்கச் சொன்னேன். வைத்தார். பிறகு சொன்னார்: "அவிய சொல்லியிருந்தா நான் சண்டைதான் போட்டுருப்பேன். அது நெசம். ரெண்டு நாளு பேசியிருக்க மாட்டேன். சோத்தை வச்சிட்டு அந்தப் பக்கம் போயிருப்பேன். மூணாம் நாளு, சரி, அப்படி என்னதான் இருக்கு, போடுங்க பாப்போம்னு நானே கேட்டுருப்பேன்." தட்டை உறையில் போடும் சத்தம் கேட்டது. "அந்த ரெண்டு நாளு எனக்கு இல்லாமப் போச்சே சரசும்மா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "சாப்பிடப் போங்க, நேரமாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆறு தட்டுகளும் மங்கலத்தில் அக்காவிடம் இருக்கின்றன. கத்திரியும் டேப்பும் கண்ணாடியும் அங்கேதான். அண்ணனுடைய நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சொன்னபோது வேண்டாம் என்றேன். என்னிடம் ஏற்கெனவே அவர்களுடையது ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நாள். அவர்கள் இருவரும் பேசாமல் இருந்திருக்க வேண்டிய இரண்டு நாள். அதை நான்தான் எடுத்தேன், இனி அதை யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.